பைக்கோவில் 48கே ஸ்பெக்ட்ரம்: செயலி சரியாக ஓடுகிறது, திரையும் ஒலியும் பிசகுகின்றன

வடபழனி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 1982ஆம் ஆண்டு சிங்கிளேர் ரிசர்ச் நிறுவனம் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் 48 கிலோபைட் வடிவத்தை, ராஸ்பெர்ரி பை பைக்கோ என்னும் சிறு மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் ஓடும் எமுலேட்டராக (பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் நிரலாக) சி மொழியில் எழுதி வருகிறேன். இதே வேலையைச் செய்யும் நிரல்கள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன என்பது தெரியும். ஆனாலும் ஒவ்வொரு அடுக்கும் எப்படி இயங்குகிறது என்பதை அறிந்து நானே எழுத விரும்புகிறேன். அதற்குக் காரணமும் உண்டு. இந்தியாவில் டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று விற்ற ஸ்பெக்ட்ரம் பிளஸ் கணினியில் என் சித்தப்பா எழுதிய பேசிக் நிரல்களும், இரு குரல்களில் ஒலிக்கும் சிறு இசைத் துணுக்குகளும் கேசட்டுகளில் இருந்தன. அவற்றை ஒலிக்கோப்புகளாக்கி, டிஇசட்எக்ஸ் என்னும் கேசட் கோப்பு வடிவத்துக்கு மாற்றி முடித்துவிட்டேன். அந்தக் காலத்தில் அவை எப்படி ஏறினவோ, எப்படி ஒலித்தனவோ, அப்படியே ஒரு சிறு பெட்டியில் இயங்கவேண்டும் என்பதே நோக்கம்.

இப்போதைய அமைப்பு இது. பைக்கோவில் உள்ள, இரண்டு கோர் கொண்ட ஆர்பி2040 சில்லை 252 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறேன். கோர் 1 முழுவதையும் பைக்கோடிவிஐ லைப்ரரிக்கு ஒதுக்கியிருக்கிறேன். அது 640×480 அளவில் நொடிக்கு 60 முறை மானிட்டருக்குப் படத்தை அனுப்புகிறது. படத்துக்கான தரவை ஸ்பெக்ட்ரத்தின் நினைவகத்தில் 16384ஆம் முகவரியிலிருந்து அது நேரடியாகவே படித்துக்கொள்கிறது. கோர் 0, ஸ்பெக்ட்ரத்தின் செயலியான இசட்80இன் கட்டளைகளை ஒரு பெரிய ஸ்விட்ச் அமைப்பின் வழியாக நிறைவேற்றுகிறது. ஒரு ஃபிரேமுக்கு (திரையின் ஒரு முழுப் படத்துக்கு) உரிய 69888 டி-ஸ்டேட்கள் (இசட்80இன் கடிகாரத் துடிப்புகள்) முடிந்ததும் இன்டரப்ட் (செயலியை இடைமறிக்கும் சைகை) கொடுத்துவிட்டு, 20 மில்லிசெகண்ட் நிறையும் வரை காத்திருக்கிறது. பார்டரின் (படத்தைச் சுற்றியுள்ள விளிம்பின்) நிறம் ஒரு மாறியில் இருக்கிறது. செயலி வெளிச்சாதனங்களோடு பேசும் 254ஆம் போர்ட்டின் 4ஆம் பிட் மாறும்போதெல்லாம் பைக்கோவின் ஒரு பின்னை மேலும் கீழும் மாற்றி ஸ்பீக்கரை ஒலிக்கச் செய்கிறேன்.

செயலியைப் பொறுத்தவரை குறை எதுவும் தென்படவில்லை. இசட்80 கட்டளைகளைச் சரிபார்க்கும் ஜெக்ஸால் சோதனை முழுவதும் தேறிவிட்டது. பேசிக் நன்றாக ஓடுகிறது. ஆனால் கேசட் ஏறும்போது பார்டரில் வரவேண்டிய கோடுகள் வருவதில்லை. பார்டர் முழுவதும் ஒரே நிறமாகி, அது சிவப்புக்கும் வெளிர்நீலத்துக்கும் இடையே தாறுமாறாகத் துள்ளுகிறது. திரை நகரும் விளையாட்டுகளில் படம் சீராக நகராமல் ஒழுங்கான இடைவெளியில் திக்குகிறது. இரு குரல் இசை கரகரப்பாகவும், சுருதி கூடியும் ஒலிக்கிறது. இவை போதாதென்று, சில விளையாட்டுகளில் மட்டும் 20 மில்லிசெகண்டுக்குள் வேலை முடியாமல் வேகம் குறைகிறது. இந்தச் சில்லின் வலு போதவில்லையா? பைக்கோ 2 அல்லது இஎஸ்பி32 பலகைக்கு மாறிவிடுவது நல்லதா?

கடிகாரம் (பதில்)

வணக்கம். சில்லை மாற்றவேண்டாம், வலு வேண்டிய அளவுக்கு இருக்கிறது. ஸ்பெக்ட்ரத்தின் இசட்80 செயலி 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. நீங்கள் 252 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறீர்கள். அதாவது பழைய கணினியின் ஒவ்வொரு டி-ஸ்டேட்டுக்கும் உங்களிடம் 72 துடிப்புகள் இருக்கின்றன. 4 டி-ஸ்டேட் பிடிக்கும் மிக எளிய கட்டளைக்குக்கூட 288 துடிப்புகள் கிடைக்கும்போது, சி மொழியில் எழுதிய சாதாரண இன்டர்பிரிட்டருக்கு அது தாராளம். நீங்கள் சொன்னவற்றில் முதல் மூன்றும் நேரக் கணக்கிலிருந்து வருகின்றன. நான்காவது மட்டும் வேறு இடத்திலிருந்து வருகிறது.

எளிதான நான்காவதை முதலில் முடித்துவிடுகிறேன். ஆர்பி2040 சில்லுக்குள் ஃபிளாஷ் நினைவகம் கிடையாது. வெளியே இருக்கும் 2 மெகாபைட் ஃபிளாஷ் சில்லிலிருந்துதான் உங்கள் நிரல் நேரடியாக ஓடுகிறது. இடையில் 16 கிலோபைட் கேஷ் (விரைவு இடைநினைவகம்) மட்டுமே இருக்கிறது. இசட்80 கட்டளைகளில் முன்னொட்டு இல்லாத 252 மட்டும் அல்ல. நான்கு முன்னொட்டுகளும் அவற்றின் கூட்டுகளும் சேர்ந்தால், கம்பைலர் உருவாக்கும் நிரல் அந்தக் கேஷில் அடங்குவதற்கு வாய்ப்பில்லை. ஐஎக்ஸ், ஐஒய் பதிவேடுகளை மிகுதியாகப் பயன்படுத்தும் விளையாட்டு ஓடும்போது கேஷ் தவறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தவறலுக்கும் வெளிச் சில்லிலிருந்து தரவு வரும் வரை கோர் நின்றுவிடும். பைக்கோவுக்கான நிரலாக்கத் தொகுப்பான பைக்கோ எஸ்டிகேயில் 'காப்பி டு ராம்' என்னும் கட்டமைப்புத் தெரிவு இருக்கிறது. அதைத் தேர்ந்தால் நிரல் முழுவதும் தொடக்கத்திலேயே ராமுக்கு நகலாகி அங்கிருந்தே ஓடும். உங்கள் வேகக் குறைவு அநேகமாக அதோடு மறைந்துவிடும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். ஸ்பெக்ட்ரம் என்பது இசட்80 சில்லு அன்று. அது யுஎல்ஏ என்று அழைக்கப்பட்ட, ஃபெராண்டி நிறுவனம் தயாரித்த அந்த இன்னொரு சில்லுதான். திரையை வரைந்தது, பார்டருக்கு நிறம் கொடுத்தது, விசைப்பலகையையும் கேசட்டையும் படித்தது, ஸ்பீக்கரை ஒலித்தது, இசட்80க்குக் கடிகாரத் துடிப்பையே வழங்கியது எல்லாம் அதுதான். அது ஒரு வரிக்கு 224 டி-ஸ்டேட், ஒரு ஃபிரேமுக்கு 312 வரி என்று ஓடிக்கொண்டே இருந்தது. நிரல் எழுதியவர்கள் அந்த ஓட்டத்தை அறிந்துகொண்டு அதன் மேல் எழுதினார்கள். நீங்கள் யுஎல்ஏவை ஃபிரேமுக்கு ஒரு முறை மட்டும் நடக்கும் நிகழ்வாகச் சுருக்கிவிட்டீர்கள். கேசட்டின் தொடக்க ஒலியில் ஒவ்வொரு துடிப்பும் 2168 டி-ஸ்டேட் நீளம் உடையது. ஒவ்வொரு துடிப்பு முடியும்போதும் ஸ்பெக்ட்ரத்தின் ரோமில் (நிலை நினைவகத்தில்) உள்ள நிரல் பார்டர் நிறத்தை மாற்றுகிறது. 2168ஐ 224ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9.7 வரி வரும். அதாவது ஒரு கோடு சுமார் 10 வரி தடிமன் கொண்டது, ஒரு ஃபிரேமில் 32 கோடுகள் வரவேண்டும். உங்கள் மாறியோ, கோர் 1 எட்டிப் பார்க்கும் கணத்தில் எந்த நிறம் இருக்கிறதோ அதை மட்டும் காட்டுகிறது. அந்தக் கணத்துக்கும் ஸ்பெக்ட்ரத்தின் நேரத்துக்கும் தொடர்பு ஏதும் இல்லை, ஏனெனில் கோர் 0 ஒரு ஃபிரேமின் வேலையை ஓட்டமாக ஓடி முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் சும்மா நிற்கிறது.

ஆகவே கோர் 1 ஸ்பெக்ட்ரத்தின் நினைவகத்தைத் தொடவே கூடாது என்று முடிவுசெய்யுங்கள். படத்தைக் கோர் 0 தானே டி-ஸ்டேட் எண்ணிக்கையை ஒட்டி ஒரு பஃபரில் (தற்காலிக நினைவகப் பகுதியில்) வரையட்டும். இதற்காக ஒவ்வொரு டி-ஸ்டேட்டிலும் இரண்டு புள்ளி வரையவேண்டிய தேவை இல்லை. 'இதுவரை வரைந்தாயிற்று' என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, 254ஆம் போர்ட்டுக்கு எழுத்து நடக்கும்போதும், 16384 முதல் 23295 வரையுள்ள 6912 பைட் திரைப் பகுதிக்கு எழுத்து நடக்கும்போதும் மட்டும், அந்த எழுத்தை நிறைவேற்றுவதற்கு முன்னால், விட்ட இடத்திலிருந்து இப்போதைய டி-ஸ்டேட் வரை வரைந்து முடித்துவிடுங்கள். பார்டர் கோடுகள் தாமாகவே சரியாகும். ஒரு கட்டத்துக்கு இரண்டு நிறம் என்னும் எல்லையை மீறுவதற்காக ஃபிரேமின் நடுவிலேயே நிறப் பைட்டுகளை மாற்றும் நிரல்களும் சரியாகத் தெரியும்.

திக்கல் வருவது 50க்கும் 60க்கும் இடையிலான முரணால். ஸ்பெக்ட்ரம் நொடிக்கு 50.08 ஃபிரேம் தருகிறது. உங்கள் மானிட்டர் 60 கேட்கிறது. ஐந்து ஃபிரேமுக்கு ஒன்று இரு முறை காட்டப்பட்டே ஆகவேண்டும். ஆக நொடிக்கு 10 முறை படம் தயங்கும். இதற்கு மென்பொருளில் மருந்து தேடாதீர்கள். திரையையே 50க்கு மாற்றுங்கள். 720×576 அளவில் நொடிக்கு 50 ஃபிரேம் என்பது டிஜிட்டல் தொலைக்காட்சித் தரங்களில் முறையாக இடம்பெற்ற வடிவம். அதன் புள்ளிக் கடிகாரம் 27 மெகாஹெர்ட்ஸ். டிவிஐ இணைப்பில் ஒரு புள்ளிக்கு 10 பிட் செல்வதால் நீங்கள் ஆர்பி2040 சில்லை 270 மெகாஹெர்ட்ஸில் ஓட்டவேண்டும். இந்த வடிவத்தில் அழகு என்னவென்றால், 720×576ஐப் பாதியாக்கினால் 360×288 வருகிறது. 288 வரிகளில் நடுவே 192 வரி படம் போக, மேலும் கீழும் 48 வரி பார்டர் கிடைக்கிறது; பக்கவாட்டில் 52 புள்ளி. பழைய தொலைக்காட்சியில் தெரிந்த அதே அகலமான பார்டர் இது. 640×480இல் அந்த இடம் கிடைக்காது. இதன் பிறகு நீங்கள் 20 மில்லிசெகண்டைத் தனியாக அளக்கவே வேண்டாம். மானிட்டரின் ஃபிரேம் முடிவே கோர் 0ஐ எழுப்பட்டும். 50.08க்குப் பதிலாக 50.00 ஓடுவதால் வரும் வேறுபாடு ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. காது அதை உணராது.

நினைவகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 360×288 புள்ளிகளை 4 பிட்டாக வைத்தால் 51840 பைட்; இரண்டு பஃபருக்கு 103680. ரோமும் ராமும் சேர்ந்து 65536. மொத்தம் 169216 போக, சில்லின் 264 கிலோபைட்டில் இன்னும் 100 கிலோபைட்டுக்குச் சற்றுக் குறைவாக மீதியிருக்கும். நிரலுக்கும் வரி பஃபர்களுக்கும் அது போதும். பிற்பாடு 128கே வடிவத்துக்கு நகர்ந்தால்தான் இரண்டாவது பஃபரைக் கைவிட நேரும்.

ஒரு எச்சரிக்கை. 270 மெகாஹெர்ட்ஸில் ஃபிளாஷ் கடிகார வகுப்பான் 2 என்றே இருந்தால் ஃபிளாஷ் சில்லு 135 மெகாஹெர்ட்ஸில் ஓடும். பைக்கோவில் உள்ள ஃபிளாஷ் சில்லின் உச்ச வரம்பு 133. வகுப்பானை 4 ஆக்கிவிடுங்கள். நிரல் ராமிலிருந்து ஓடுவதால் அதில் இழப்பு ஏதும் இல்லை. கோர் மின்னழுத்தத்தையும் 1.2 வோல்ட்டுக்கு உயர்த்திய பிறகே கடிகாரத்தை உயர்த்துங்கள்.

இழைநாடா (பதில்)

கடிகாரம் அவர்கள் திரையைப் பற்றிச் சொன்னதுடன் முழுவதும் உடன்படுகிறேன். ஒலியையும் கேசட்டையும் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் சித்தப்பாவின் இசைத் துணுக்குகள்தான் இந்த முயற்சியின் மையம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்பெக்ட்ரத்தில் ஒலிச் சில்லு கிடையாது. ஒரே ஒரு பிட் மேலே இருக்கும் அல்லது கீழே இருக்கும். அதைக் கொண்டு இரு குரல் எழுப்பவேண்டுமானால், இரண்டு குரல்களின் துடிப்புகளையும் மிகக் குறுகிய இடைவெளிகளில் மாறி மாறிப் பின்னவேண்டும். அந்தத் துடிப்புகளின் அகலம்தான் இசை. உங்கள் முறையில் பின் மாறும் நேரம் ஸ்பெக்ட்ரத்தின் நேரம் அன்று. பைக்கோ எவ்வளவு வேகமாக ஓடிற்றோ அந்த நேரம். 20 மில்லிசெகண்ட் இசையை 12 மில்லிசெகண்டில் வாசித்துவிட்டு எட்டு மில்லிசெகண்ட் மௌனம் காத்தால் சுருதி கூடத்தான் செய்யும். நொடிக்கு 50 முறை வரும் அந்த மௌனம்தான் கரகரப்பு.

இதற்கு ஒரு நேர்த்தியான வழி இருக்கிறது. 69888ஐ 112ஆல் வகுத்தால் மிச்சமின்றி 624 வரும். எனவே ஒவ்வொரு 112 டி-ஸ்டேட்டையும் ஒரு மாதிரியாகக் கொள்ளுங்கள். அந்த 112இல் ஸ்பீக்கர் பிட் எத்தனை டி-ஸ்டேட் மேலே இருந்தது என்று மட்டும் எண்ணுங்கள். கிடைக்கும் எண் 0 முதல் 112 வரை இருக்கும். அதுவே ஒலி அளவு. அதை எவ்விதப் பெருக்கலும் இல்லாமல் நேரே, துடிப்பின் அகலத்தால் அளவைக் காட்டும் பிடபிள்யுஎம் பகுதிக்குக் கொடுத்துவிடலாம். மாதிரி எடுக்கும் கணத்தில் பிட் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் குறுகிய துடிப்புகள் பல தவறிப்போகும். இப்படிச் சேர்த்து எண்ணும்போது ஒரு துடிப்பும் வீணாவதில்லை. ஃபிரேமுக்கு 624 என்றால், நொடிக்கு 50 ஃபிரேமில் 31200 மாதிரி. அவற்றை ஒரு வளையப் பஃபரில் போட்டு, டிஎம்ஏ (கோரின் உதவியின்றித் தரவை நகர்த்தும் பகுதி) கொண்டு சீரான வேகத்தில் வெளியே அனுப்புங்கள். பிடபிள்யுஎம் துடிப்பு 300 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும்படி வகுப்பானை 8 என்று வைத்து, வெளியே 1 கிலோஓம் மின்தடையும் 10 நானோஃபேரட் மின்தேக்கியும் வைத்தால், 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது பெருமளவு வடிந்துவிடும்.

கேசட் விஷயத்தில் பலரும் செய்வது ஒன்று உண்டு: ரோமின் 1366ஆம் முகவரியில் தொடங்கும் ஏற்று வழக்கத்தை இடைமறித்து, கோப்பிலிருந்து பைட்டுகளை நேரே நினைவகத்தில் கொட்டிவிடுவார்கள், நிரல் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறிவிடும். விளையாடுவதற்கு மட்டும் வேண்டுமென்றால் அது நல்ல வழிதான். உங்களுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. நீங்கள் கேட்பது அந்தக் காலத்தில் ஏறியது போலவே ஏறவேண்டும் என்பது. டிஇசட்எக்ஸ் கோப்பைத் துடிப்புகளாகவே விரித்து, 254ஆம் போர்ட்டின் 6ஆம் பிட்டில் கொடுங்கள். தலைப்புப் பகுதிக்கு 2168 டி-ஸ்டேட் நீளத்தில் 8063 துடிப்பு, அதாவது ஏறத்தாழ ஐந்து நொடி; தரவுப் பகுதிக்கு 3223 துடிப்பு, இரண்டு நொடி. பிறகு 667, 735 என்று இரண்டு ஒத்திசைவுத் துடிப்புகள். 0 என்னும் பிட்டுக்கு 855 நீளத்தில் இரண்டு துடிப்பு, 1க்கு 1710 நீளத்தில் இரண்டு. இதை எமுலேட்டரின் டி-ஸ்டேட் எண்ணிக்கையைக் கொண்டே நகர்த்துங்கள். பைக்கோவின் டைமரைக் கொண்டு அல்ல. அப்படிச் செய்தால் ரோம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், சிவப்பு வெளிர்நீலக் கோடுகளும், பிறகு மெல்லிய நீல மஞ்சள் கோடுகளும் சொல்லிவைத்தாற்போல் வரும். அந்தத் துடிப்பை ஸ்பீக்கர் எண்ணிக்கையிலும் சற்றே குறைந்த அளவில் கலந்துவிட்டால், ஏறும் ஓசையும் கேட்கும். நினைவகம் முழுவதையும் நிரப்பும் நிரல் ஏற ஐந்து நிமிடம்வரை ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை வெட்டக்கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. அவசரப்படுபவர்களுக்கு ஒரு பொத்தானை வைத்து, அது அழுத்தப்பட்டிருக்கும் வரை மட்டும் ஃபிரேம் காத்திருப்பை நீக்கிவிடலாம்.

வடபழனி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 'காப்பி டு ராம்' தெரிவை மாற்றியதும் வேகக் குறைவு முற்றிலும் நின்றுவிட்டது. வரைதலைக் கோர் 0க்கு மாற்றினேன். பார்டர் கோடுகள் நேர்த்தியாக வருகின்றன. ஒலியும் இப்போது ஒலியாகவே இருக்கிறது. வீட்டுத் தொலைக்காட்சி 720×576ஐ மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது. ஆனால் மேசையில் உள்ள கணினி மானிட்டர் எல்லைக்கு வெளியே என்று சொல்லிப் படத்தைக் காட்ட மறுக்கிறது.

மூன்று ஐயங்கள் மீதமிருக்கின்றன. மானிட்டருக்கு என்ன செய்வது? திரைக்கும் செயலிக்கும் இடையில் நினைவகப் போட்டி ஒன்று உண்டு என்று படிக்கிறேன்; பேசிக் நிரல்களுக்கும் சித்தப்பாவின் இசைக்கும் அதைச் செயல்படுத்தும் தேவை இருக்கிறதா? இந்தப் பெட்டியின் நிரலை வெளியிட்டால் ரோமை அதனுடன் சேர்த்துத் தரலாமா?

தாமிரத்தடம் (பதில்)

மானிட்டர்களில் பல, 50 ஹெர்ட்ஸை ஏற்பதில்லை என்பது உண்மை. அவற்றுக்காக 60இல் படம் அனுப்பும் பழைய வழியையும் ஒரு தெரிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்போதும் ஸ்பெக்ட்ரம் 50இலேயே ஓடவேண்டும். எமுலேட்டரையும் சேர்த்து 60இல் ஓட்டிவிட்டால் திக்கல் நின்றுவிடும் என்பதற்காகச் சிலர் அப்படிச் செய்கிறார்கள். இசை ஐந்தில் ஒரு பங்கு வேகமாகிச் சுருதியும் அதே அளவு ஏறிவிடும் என்பதால் நான் அதை ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். படம் திக்கினாலும் இசை சரியாக இருக்கட்டும். பஃபர் மாற்றத்தை மானிட்டரின் ஃபிரேம் முடிவில் மட்டும் செய்தால், படம் குறுக்கே கிழிவதாவது நிற்கும்.

நினைவகப் போட்டியைக் கட்டாயம் செயல்படுத்துங்கள். 16384 முதல் 32767 வரை உள்ள 16 கிலோபைட் ராமை யுஎல்ஏவும் இசட்80யும் பகிர்ந்துகொள்கின்றன. யுஎல்ஏ படத்துக்காகப் படிக்கும் நேரத்தில் இசட்80 அந்தப் பகுதியைத் தொட முயன்றால், யுஎல்ஏ அதன் கடிகாரத்தையே நிறுத்திவைத்துவிடும். தாமதத்தின் ஒழுங்கு 6, 5, 4, 3, 2, 1, 0, 0 என்று எட்டு டி-ஸ்டேட்டுக்கு ஒரு முறை திரும்பும். இன்டரப்டிலிருந்து எண்ணினால் 14335ஆம் டி-ஸ்டேட்டில் அது தொடங்குகிறது. ஒரு வரியின் 224இல் 128 டி-ஸ்டேட் மட்டும், 192 வரிகளில் மட்டும் அது நிகழும். 32768க்கு மேலே உள்ள 32 கிலோபைட்டில் இந்தத் தடை இல்லை. நேரம் தவறக்கூடாத வழக்கங்களை அனுபவம் உள்ளவர்கள் அங்கேதான் வைத்தார்கள்.

உங்கள் சித்தப்பாவின் இசை வழக்கம் எங்கே ஏறுகிறது என்பதைப் பாருங்கள். பேசிக் நிரலின் முதல் வரியில் ரெம் கட்டளைக்குப் பின்னால் எந்திர மொழியை ஒளித்துவைப்பது அந்த நாளில் பரவலாக இருந்தது. அப்படியானால் அது 23755க்கு அருகில், போட்டி நிகழும் பகுதிக்குள்ளேயே இருக்கும். அவர் தம் காதால் கேட்டுச் சரிசெய்த சுருதி, யுஎல்ஏவின் தாமதங்களையும் சேர்த்துக்கொண்ட சுருதி. தாமதத்தை நீக்கினால் குரல் உயரும். படம் வரையப்படும் நேரத்துக்கும் பார்டர் நேரத்துக்கும் இடையே எழும் அந்த மெல்லிய அதிர்வும் காணாமற்போகும். வேறு எவருக்கும் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும்.

செயல்படுத்துவது கடினமன்று. 69888 டி-ஸ்டேட்டுக்கும் அட்டவணை வைக்க இடம் போதாது. வரி எண்ணையும் வரிக்குள் உள்ள இடத்தையும் இரண்டு எண்களாக நகர்த்திக்கொண்டு, 224 பைட் அட்டவணை ஒன்றை மட்டும் வைத்தால் போதும். ஆனால் ஒரு கட்டளைக்கு மொத்தமாக ஒரு தாமதம் என்று சேர்க்காதீர்கள். கட்டளை நினைவகத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும், அந்தந்த டி-ஸ்டேட்டில் தாமதத்தைக் கணக்கிடவேண்டும். 254 போன்ற இரட்டைப்படைப் போர்ட்டுகளுக்கும் தாமதம் உண்டு; ஸ்பீக்கர் அதே போர்ட்டில் இருப்பதால் இது இசையை நேராகத் தொடும். இன்னொன்றையும் இதோடு எழுதிவிடலாம். எந்தச் சாதனமும் இல்லாத போர்ட்டைப் படித்தால், யுஎல்ஏ அந்தக் கணத்தில் படித்துக்கொண்டிருந்த திரைப் பைட் கையில் வந்து சேரும். ஆர்க்கனாய்ட், கோப்ரா ஆகிய விளையாட்டுகள் திரையோடு ஒத்து ஓட இதை நம்பியிருக்கின்றன. தாமதக் கணக்கு சரியாக இருந்தால் இது சில வரிகளில் முடிந்துவிடும்.

ரோமைப் பற்றி. சிங்கிளேரின் கணினித் தொழிலை 1986இல் ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 1999இல் அந்நிறுவனத்தின் சார்பில், பதிப்புரிமை அறிவிப்புகளை மாற்றாமல் ரோம் பிரதிகளை எமுலேட்டர்களுடன் சேர்த்து வழங்குவதில் தடையில்லை என்று வெளிப்படையாக எழுதப்பட்டது. உரிமையை அப்போது அவர்கள் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். இலவசமாக நிரலை வெளியிடுவதற்கு அந்த அனுமதி பொருந்தும்; பெட்டியாகச் செய்து விற்பதானால் தனியாக எழுதிக் கேட்பதே முறை.

கடிகாரம்

சில்லை மாற்றலாமா என்ற உங்கள் முதற்கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்லாமல் விட்டேன். இப்போது தாமதக் கணக்கும் சேரப்போவதால் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நினைவகத் தொடுதலிலும் ஓர் அட்டவணைப் பார்வை கூடினாலும், ராமிலிருந்து ஓடும் நிரலுக்கு ஆர்பி2040 தாங்கும். 270 மெகாஹெர்ட்ஸில் டி-ஸ்டேட்டுக்கு 77 துடிப்பு இருக்கிறது. கோர் 1இன் சுமையையும் குறைக்கலாம். ஸ்பெக்ட்ரத்தில் மொத்தம் 15 நிறங்களே உள்ளன. ஒவ்வொரு புள்ளியும் இரட்டிக்கப்படுவதால், ஒரு நிறத்துக்கு டிவிஐ இணைப்பின் மூன்று இழைகளுக்கும் தலா ஒரு 20 பிட் சொல் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துவிட்டால், ஓடும்போது அட்டவணையிலிருந்து எடுத்துப் போடும் வேலை மட்டுமே மிஞ்சும்.

2024இல் வந்த பைக்கோ 2இல் 520 கிலோபைட் ராம் இருக்கிறது. டிவிஐ குறியீட்டை வன்பொருளே செய்யும் எச்எஸ்டிஎக்ஸ் பகுதியும் இருப்பதால் ஓவர்கிளாக் (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுதல்) செய்யவேண்டிய நிலையே வராது. 128கே வடிவம் உங்கள் எண்ணத்தில் இருந்தால் அது நல்ல தேர்வு. இஎஸ்பி32 வேறு வகை. அதிலும் 520 கிலோபைட் உண்டு என்றாலும் அது துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஸ்பெக்ட்ரத்தின் நினைவகம் 16 கிலோபைட் பக்கங்களாகப் பிரியக்கூடியது என்பதால் தனித்தனியாக ஒதுக்கிச் சமாளிக்கலாம். பழைய விஜிஏ மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு, விஜிஏ இணைப்புடன் வரும் மலிவான இஎஸ்பி32 பலகையும் இஎஸ்பெக்ட்ரம் எமுலேட்டரும் நன்றாகப் பொருந்தும். தொலைக்காட்சியின் எச்டிஎம்ஐ இணைப்புதான் வேண்டும் என்னும் உங்களுக்கு பைக்கோ குடும்பமே ஏற்றது.

விசைப்பலகையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பெட்டி என்று சொன்னதால், பழைய விசைத்தாளையோ அதே அமைப்பில் புதிதாகச் செய்ததையோ பொருத்த நினைப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 40 விசைகளும் எட்டு அரைவரிசையாக, வரிசைக்கு ஐந்தாக இருக்கின்றன. பைக்கோவில் 13 பின் போதும். ஐந்து தரவுப் பின்களையும் உள்ளே மேலிழுக்கும் மின்தடையுடன் வைத்து, ஒரு வரிசையைக் கீழே இழுத்துப் படியுங்கள். மூல வன்பொருளும் அப்படித்தான் செய்தது. கீழிழுக்கும் மின்தடை முறையைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் பைக்கோ 2இன் ஏ2 பதிப்புச் சில்லில் உள்ளீட்டுப் பின் மின்கசிவால் 2 வோல்ட்டுக்கு மேலேயே சிக்கிக்கொள்ளும் பிழை உண்டு; பிற்பாடு பலகையை மாற்றினால் இணைப்புகளைப் பிரிக்கவேண்டி வரும். எட்டு வரிசைப் பின்களிலும் ஒவ்வொரு டயோடு வையுங்கள். இரண்டு விசைகளை ஒருங்கே அழுத்தும்போது ஒரு பின் மேலேயும் இன்னொன்று கீழேயும் இழுத்து ஒன்றையொன்று எரிக்காமல் அது காக்கும்.